மலைக்கு மினி டிராக்டர்: எதைப் பார்த்து வாங்குகிறோம்?

கோவை கொடிசியா வேளாண் கண்காட்சியில் மினி டிராக்டர் அரங்குகளின் பக்கம் மலைக்காரர்களை எளிதில் அடையாளம் காணலாம். கோத்தகிரி, கேத்தி, கொடைக்கானல் மேல்மலை என்று ஊர்கள் வேறு. கேட்கிற கேள்விகள் ஒன்றே. எத்தனை ஹெச்.பி.? மானியம் போக என்ன விலை? ரொட்டவேட்டர் சேர்த்தா, தனியா? எந்தச் சரிவு வரை இந்த வண்டி கவிழாமல் நிற்கும் என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும் பதில் கிடைப்பது கடினம். விளம்பரத் தாளில் குதிரைத்திறன், தூக்கும் எடை, திரும்பும் ஆரம் எல்லாம் அச்சாகியிருக்கும். கவிழும் கோணத்தைத் தேடிப் பாருங்கள்.

சின்ன வண்டி, எடை குறைவு, அகலம் குறைவு, ஆகவே மலைக்கு ஏற்றது. இந்த நம்பிக்கையில்தான் ஐந்தாறு லட்சம் கைமாறுகிறது. நம்பிக்கையில் பாதி சரி. மறுபாதி ஆளைக் கொல்லும்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுவோம். மலைத் தோட்டத்தில் கூலியாள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மூட்டை தூக்க வருவதில்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் பிடுங்கிய கேரட்டை மூட்டை கட்டி, சரிவில் தலைச்சுமையாக ரோட்டுக்கு ஏற்றி, கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்ற வேண்டும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணிதான் எப்போதும் அறுகிறது. மினி டிராக்டர் மலையில் செய்கிற பெரிய உபகாரம் உழவைக் காட்டிலும் இந்தச் சுமைதான் என்பது என் கணிப்பு. எருவை உள்ளே கொண்டுபோகும், விளைச்சலை வெளியே கொண்டுவரும், இன்ஜின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டில் மருந்துத் தெளிப்பானை மாட்டலாம். மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 போன்ற 24 ஹெச்.பி. வண்டிகள் பின்னால் 750 கிலோ தூக்கும். பெரிய டிராக்டர் நுழைய முடியாத பாதையில் இவை நுழையும். எடை குறைவு என்பதால் ஈர மண்ணை அவ்வளவாக இறுக்குவதும் இல்லை.

ஆனால் இந்த வகை வண்டி எதற்காகப் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானின் சிறுசிறு நெல்வயல்களில் வளர்ந்த வடிவம் இது. வயல் சின்னது, தண்ணீர் நிற்க வேண்டும் என்பதால் மட்டமானது. பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்துதான் இந்தத் தொழிலுக்கே வந்தது. 2023இல் வந்த மஹிந்திரா ஓஜா வரிசையிலும் ஜப்பானியக் கை இருக்கிறது. இந்தியாவில் இதற்குச் சந்தை பிடித்துக் கொடுத்ததில் திராட்சைத் தோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே இரண்டு வரிசைக்கு நடுவே ஓட வண்டி குறுகலாக இருந்தாக வேண்டும். நிலம் சிறியதாக இருப்பது ஒரு சிக்கல், நிலம் சாய்ந்திருப்பது வேறொரு சிக்கல். முதல் சிக்கலுக்குச் செய்த வண்டியை இரண்டாவதற்கு வாங்குகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்சக்கரங்களின் இடைவெளி 80 செ.மீ., எடைமையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். வண்டி அசையாமல் நின்றால் சுமார் 34 டிகிரி சாய்ந்ததும் பக்கவாட்டில் கவிழும். 33 சதவீதச் சரிவு, அதாவது நூறு அடி போனால் முப்பத்து மூன்று அடி இறங்கும் நிலம், டிகிரியில் 18தான். பாதிதானே, பயமில்லை என்று தோன்றும். மேல்பக்கச் சக்கரம் 15 செ.மீ. கல் ஒன்றில் ஏறட்டும். அதே நொடியில் கீழ்ப்பக்கச் சக்கரம் உழுத மண்ணில் 7 செ.மீ. இறங்கட்டும். இரண்டும் சேர்ந்து 16 டிகிரியைக் கூட்டிவிடும். 18உம் 16உம் 34. கணக்கு முடிந்தது, ஓட்டுநரும் முடிந்தார். சக்கர இடைவெளியை 100 செ.மீ. ஆக்கினால் கவிழும் கோணம் 40 டிகிரிக்குப் போகிறது. அதே கல், அதே பள்ளத்தில் வண்டி 31 டிகிரியில் தப்பிக்கிறது. முன் அச்சு நடுவில் ஊசலாடும்படி இருப்பதால் உண்மையில் கவிழும் கோணம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவுதான். பின் ரிம்மைத் திருப்பி மாட்டி அகலப்படுத்த முடியுமா, டயரில் தண்ணீர் நிரப்பி எடையைக் கீழே இறக்க முடியுமா என்பவை 24ஆ 27ஆ என்ற ஹெச்.பி. விவாதத்தைவிட முக்கியமான கேள்விகள்.

சரிவில் குறுக்கே ஓட்டினால்தானே இந்த ஆபத்து, மேலும் கீழுமாக ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஓட்டுநரின் உயிருக்கு அது நல்லது. மண்ணுக்கு அதுவே கேடு. சரிவு நிலத்தில் சம உயரக் கோட்டை ஒட்டிக் குறுக்கே உழ வேண்டும் என்பது மண் பாதுகாப்பின் அரிச்சுவடி. ரொட்டவேட்டர் மாவாக்கிவிட்ட மண்ணில் மேலிருந்து கீழாகத் தடம் விழுந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலாகும். வண்டி கேட்கும் திசை ஒன்று, மண் கேட்கும் திசை வேறு. மலை டிராக்டர் பற்றிய பேச்சில் யாரும் தொடாத முரண் இது. எந்த மாடலை வாங்கினாலும் இது தீராது.

தீர்வு வண்டியில் இல்லை, சரிவைப் படிபடியாக வெட்டிச் சமன் செய்யும் படிமட்டத்தில் இருக்கிறது. உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கும் பகுதியில், உள்நோக்கிச் சாய்ந்த படிமட்டங்கள் உருளைக்கிழங்குக்கு நெடுநாளாகப் பழக்கம். 16 முதல் 33 சதவீதச் சரிவு வரை படிமட்டம் அமைக்கலாம் என்பது பாடநூல் வரையறை. படி மட்டமாக இருந்தால் குறுக்கே ஓட்டுவது ஆபத்தில்லை, மண்ணும் நிற்கும். ஆனால் 33 சதவீதச் சரிவில் படிக்குப் படி 1.5 மீட்டர் இறக்கம் என்றால், சுவர்ச் சாய்வு போக மிஞ்சும் படியின் அகலம் நான்கு மீட்டருக்கும் குறைவு. பிரேக் பிடித்துத் திருப்பினால்கூட இரண்டு மீட்டருக்கு மேல் ஆரம் கேட்கும் வண்டிக்கு அங்கே வட்டம் அடிக்க இடமில்லை. முன்னால் போனது பின்னாலேயே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓரத்துச் சுவரின் மண்ணைக் கொஞ்சம் இடிக்கும். அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு படிகளை அளப்பதுதான் முதல் வேலை. குறுகிய படியின் அகலம், ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறும் பாதையின் சரிவு, பாதை திரும்பும் முனை, இந்த மூன்றும் தெரிந்தால் பாதி மாடல்கள் தானாகக் கழிந்துவிடும்.

ஹெச்.பி. பற்றி ஒரு வார்த்தை. டர்போ இல்லாத டீசல் இன்ஜின் உயரம் ஏற ஏறத் திறன் இழக்கும். 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 24 ஹெச்.பி. வண்டி ஏறக்குறைய 19 ஹெச்.பி. வண்டியாகிவிடும். டீசல் அதே அளவு போகும், காற்றுதான் குறைவு, கரும்புகை அதனால்தான். கோவையில் டெமோ பார்த்து, அங்கே சுலபமாகச் சுழன்ற ரொட்டவேட்டரை ஊட்டியில் மாட்டி இன்ஜின் திணறினால் வண்டியில் கோளாறு என்று பொருளில்லை.

ஏற்றத்தைவிட இறக்கம் கொடியது. பெரும்பாலான மினி டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டுமே. இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரம் இலேசாகும். பிரேக் மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி வழுக்கும். ஃபோர் வீலைப் போட்டு இறங்கினால் முன்சக்கரங்களும் பிடிக்கும். ஃபோர் வீல் சேற்றில் இழுக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் அது பிரேக். இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துக் கொண்டி போடாமல் இறங்கினால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை எல்லாவற்றையும்விட மோசம் பிரேக் இல்லாத டிரெய்லர். முக்கால் டன் வண்டிக்குப் பின்னால் ஒரு டன் மூட்டை ஏற்றினால், இறக்கத்தில் யார் யாரை இழுக்கிறார்கள் என்பதே மாறிவிடும். டிரெய்லர் தள்ளத் தள்ள டிராக்டர் மடிந்து புரளும். மலையில் சுமைதான் முக்கிய வேலை என்று மேலே சொன்னேன். அப்படியானால் டிரெய்லரின் பிரேக்கில்தான் முதலில் காசு போட வேண்டும்.

கவிழ்ந்தால் காப்பாற்றும் இரும்புச் சட்டத்தை 1959 முதலே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது ஸ்வீடன். நம் ஊரில் வண்டி வாங்கியதும் வெல்டிங் கடைக்குப் போய் வெயிலுக்கும் மழைக்கும் ஒரு டாப் போடுகிறார்கள். மெல்லிய குழாயில் தகரம். அது கவிழும்போது ஓட்டுநரின் மேலேயே நசுங்கும். எடைமையத்தையும் சற்று உயர்த்திவிடும். கம்பெனி கொடுக்கும் பாதுகாப்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் சேர்ந்தால்தான் பயன். சட்டம் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும், மடக்கியிருந்தால் போடக்கூடாது என்ற விவரத்தையாவது டெலிவரி அன்று ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

படி குறுகல், சரிவு அதிகம் என்றால் பவர் டில்லரே போதும் என்பார்கள். பூண்டு போடும் கொடைக்கானல் மேல்மலைப் படிகளில் அது நியாயமான பேச்சு. 13 ஹெச்.பி. டில்லர் சுமார் 400 கிலோதான். ஆள் பின்னால் நடப்பதால் கவிழ்ந்தாலும் அடியில் மாட்டும் வாய்ப்பு குறைவு. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. மட்டத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும் டில்லர், செங்குத்தான இறக்கத்தில் வலது பக்கம் திரும்பும். கிளட்ச் விட்ட சக்கரம் சரிவில் வேகமாக உருள, இன்ஜின் பிடித்திருக்கும் சக்கரம் பின்தங்குவதால் வரும் விபரீதம் இது. டிரெய்லர் மாட்டி ஏறி உட்கார்ந்து இறங்குபவருக்கு இது தெரியாவிட்டால் பள்ளம்தான்.

இன்றைய மானிய முறையின் பெரிய குறை, சமவெளிக்கும் மலைக்கும் ஒரே பட்டியல் என்பது. ஹெச்.பி.க்கும் விவசாயி எந்தப் பிரிவில் வருகிறார் என்பதற்கும் ஏற்பத் தொகை மாறுகிறது. நிலத்தின் சரிவை யாரும் கேட்பதில்லை. மலை மாவட்டங்களில் மட்டுமாவது பாதுகாப்புச் சட்டம், அகலப்படுத்தும் ரிம், டிரெய்லர் பிரேக் மூன்றையும் மானியத்துக்கு நிபந்தனையாக வைக்க வேண்டும் என்பேன். விலை ஏறும் என்ற ஆட்சேபம் நியாயம்தான். அந்தக் கூடுதல் விலைக்குத்தான் மானியம் போக வேண்டும். ஓரிரு ஏக்கர்க்காரர் சொந்தமாக வாங்கத் தேவையே இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாம். வேளாண் பொறியியல் துறையின் வாடகைத் திட்டத்தையும் பார்க்கலாம். வாங்கியே தீர வேண்டும் என்பவர் டெமோவை மேட்டுப்பாளையத்தில் பார்க்க வேண்டாம். தன் நிலத்துக்கு வண்டியை வரவழைத்து, தன் மூட்டைகளை ஏற்றி, மேலேறும்போது இல்லாமல் இறங்கும்போது பார்க்கட்டும்.