மாதங்களின் சராசரியும் வரலாறும்: ஃபாமா–மக்பெத் முறை பற்றி ஒரு நோக்கு

பொருளியற் கட்டுரையொன்றை இலக்கிய விமர்சகன் வாசிப்பதற்கு என்ன இருக்கிறது என்ற வினா எழலாம். எடுத்துரைப்பு உள்ள இடமெங்கும் நோக்குநிலையும் உண்டு என்று கொள்வோருக்கு இதில் வியப்பில்லை. 1973 இலே சிக்காகோப் பல்கலைக்கழகத்து அரசியற் பொருளாதாரச் சஞ்சிகையில் யூஜீன் ஃபாமாவும் ஜேம்ஸ் மக்பெத்தும் எழுதிய கட்டுரை, நிதியியல் ஆய்வாளர் பலருக்கு இன்று ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. (பின்னவரின் பெயர் நம் துறையினருக்கு வேறொரு நாடகத்தை நினைவூட்டக்கூடும்.)

ஷார்ப், லின்ட்னர் ஆகியோர் 1964, 1965 ஆம் ஆண்டுகளில் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரு பங்கிலிருந்து எதிர்பார்க்கப்படும் வருவாய் அதன் பீற்றாவைப் பொறுத்தது. சந்தை ஏறி இறங்கும்போது அப்பங்கு எவ்வளவுக்கு உடனசைகிறது என்பதன் அளவே பீற்றா. இதனைச் சோதிக்க இரு படிகள் வகுக்கப்பட்டன. முதற்படியிலே, கடந்த சில ஆண்டுகளின் மாத வருவாய்கள் சந்தை வருவாயின் மீது பிற்செலவுப் பகுப்பாய்வு செய்யப்பட்டுப் பீற்றா மதிப்பிடப்படும். இரண்டாம் படியிலே, பின்வரும் மாதம் ஒவ்வொன்றிலும் தனித்தனியே, பங்குத் தொகுதிகளின் வருவாய்கள் அப்பீற்றாக்களின் மீது பகுப்பாய்வு செய்யப்படும். கிடைக்கும் மாதாந்தக் குணகங்களின் சராசரியே இடரின் விலை. அவற்றின் சிதறலிலிருந்து நியம வழு பெறப்படும். நியூயோர்க் பங்குச் சந்தையின் 20 தொகுதிகளை 1935 ஜனவரி முதல் 1968 ஜூன் வரை இவ்வாறு சோதித்து, மாதத்துக்கு 0.85 சதவீதம் என்ற விலையை அவர்கள் கண்டனர்.

இம்முறையின் திறனை மறுப்பது நேர்மையாகாது. ஒரே மாதத்தில் பங்குகள் யாவும் ஒன்றையொன்று சார்ந்தே அசைகின்றன; அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் நியம வழு பொய்யாகச் சுருங்கும். ஒரு மாதத்தை ஒரே சான்றாகக் கொண்டதன் மூலம் அவர்கள் அத்தவறைத் தவிர்த்தனர். தனி முதலீட்டாளனிலிருந்து தொடங்கும் கோட்பாடு மறந்துவிட்ட ஒன்றை, அதாவது மூலதனங்கள் கூட்டாகவே இயங்குகின்றன என்பதை, அவர்களது கணிப்புமுறை அறிந்திருக்கிறது. ஆய்வுக்கு ஆதாரமான தரவுத்தொகுதி 1960 இல் மெரில் லிஞ்ச் தரகு நிறுவனத்தின் நன்கொடையுடன் தொடங்கப்பட்ட நிலையத்தினது என்று சுட்டிக்காட்டி அமைந்துவிடும் கொச்சை மார்க்சியமும் நமக்கு உதவாது.

சிக்கல் அச்சராசரியிலே இருக்கிறது. 402 மாதங்களும் சம நிறை பெறுகின்றன. போர் மூண்ட 1939 செப்டெம்பரும், எதுவும் நிகழாத ஏதோ ஒரு மாதமும் ஒரே பானையிலிருந்து எடுத்த இரு மணிகள். வரலாறு இங்கே காலவரிசை இழந்து மாதிரியாகிறது.

ஸ்ரேற்றா போன்ற மென்பொருள்களில் இன்று வழக்கமாகிவிட்ட உருளும் பீற்றா இதற்குப் பரிகாரம் போலத் தோன்றும். மூலக் கட்டுரையில் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்ட பீற்றா, இப்போது கடந்த 60 மாதங்களைக் கொண்டு மாதந்தோறும் மீள மதிப்பிடப்படுகிறது; சில கட்டளை வரிகள் போதும். ஆயின் சாளரத்துக்குள் பீற்றா மாறாதது, சாளரம் நகர்ந்தால் மாறுவது என்பது முரண்பாடல்லவா? 61 ஆம் மாதத்தில் ஒரு நெருக்கடி சாளரத்திலிருந்து விழுந்துவிடுகிறது. அந்நிறுவனத்தில் வேலையிழந்தவர்களுக்கு அது அவ்வாறு விழுவதில்லை. மேலும், முதற்படியின் மதிப்பீட்டு வழு இரண்டாம் படியின் நியம வழுவில் சேர்வதில்லை. 1992 இல் ஷாங்கன் அதற்குத் திருத்தம் தந்தார். கட்டளையை இடுவோர் எல்லாரும் அதை நாடுவதில்லை என்பதே என் மனக்குறை.

அதே ஆண்டில் ஃபாமாவும் பிரெஞ்சும், இதே முறையால், 1963–1990 காலத்தில் பீற்றாவுக்கும் சராசரி வருவாய்க்கும் நம்பத்தக்க தொடர்பில்லை எனக் கண்டனர். கருவி தன் முதல் முடிவையே மறுத்தது, கருவி நிலைத்தது.

ஆயினும் ஆழமான கேள்வியை 1977 இலே றோல் எழுப்பிவிட்டார். கோட்பாடு கோரும் சந்தை, செல்வம் அனைத்தையும் அடக்குவது. பங்குச் சுட்டெண் அதன் ஒரு துண்டு மாத்திரமே. விடுபட்டவற்றுள் மிகப் பெரியது மனித உழைப்பு. 1996 இல் ஜெகநாதனும் வாங்கும் அதனைச் சேர்க்க முயன்று, உழைப்பு வருமானத்தின் வளர்ச்சி வீதத்தை மாதிரியுருவுக்குள் கொணர்ந்தனர். விளக்கம் வெகுவாக மேம்பட்டது. ஆனால் இலாபத்தை ஆக்குபவனாக அல்ல, 'மனித மூலதனம்' என்ற சொத்தின் உடைமையாளனாகவே தொழிலாளி அங்கு வருகிறான். அவனுக்கும் ஒரு பீற்றா, அதே இரு படிகள்.