கம்பிக்கு மூணு சுத்து

பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கடற்கரை மணலில் நீலக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து சிரிக்கிறது. பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘இரண்டே நொடியில் விரியும்’ என்று போட்டிருக்கிறான். அது பொய்யில்லை. அருள்புரத்தில் எங்கள் லைன் வீட்டின் பத்துக்குப் பத்து அறையில், உறையைப் பிரித்து எலாஸ்டிக்கைக் கழற்றினேனோ இல்லையோ, சடாரென்று விரிந்து, பீரோ மேலிருந்த பவுடர் டப்பாவைத் தட்டிவிட்டு, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நின்றது. எட்டு மாத மகள் முதலில் மிரண்டாள், அப்புறம் கைகொட்டினாள்.

மடிக்க எத்தனை நொடி என்று பெட்டியில் எங்கும் போடவில்லை. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மடிக்க ஆரம்பித்தேன். ஒன்பதே முக்காலுக்குக் கைவிட்டேன். கூடாரம் நடு அறையில் நிம்மதியாகப் படுத்திருக்க, நாங்கள் சுவரோரமாக ஒண்டிப் படுத்தோம். “ஏங்கண்ணு, பழைய சேலை ஒண்ணு இருந்தாத் தொட்டில் கட்டிப்போட்டிருக்கலாம். ரெண்டாயிரத்துக்கு இதையப் போயி வாங்கியாந்திருக்கறயே” என்றாள் அம்மா. காலையில் அதைச் சுற்றிப் போய்த்தான் பல் விளக்கினோம்.

நான் பல்லடம் ரோட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மனைவி வீட்டிலேயே பீஸ் வாங்கிப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறாள். காலை வேளையில் வெளிச்சத்துக்காக மொட்டை மாடிக்குப் போனால் குழந்தையும் கூடவே போக வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்பது மணிக்கே நகர்ந்துவிடும். அதற்காகத்தான் வாங்கியது. மூன்று மாதம் மாடியிலும், குலதெய்வக் கோயில் திடலிலும், ஒரு தடவை திருச்செந்தூர்க் கடற்கரையிலும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் எதற்கு? இணையத்தில் கிடைக்கும் இந்த ரகக் கூடாரம் பத்தில் ஒன்பது ஒரே அச்சுத்தான், மேலே ஒட்டும் பெயர்தான் வேறு.

விரித்தால் நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 80, உயரம் 70. மளிகைக் கடைத் தராசில் 1 கிலோ 150 கிராம். வெள்ளிப் பூச்சு போட்ட மெல்லிய பாலியஸ்டர் துணி, இரண்டு பக்கம் வலை ஜன்னல், முன்னால் ஜிப் வைத்த கதவு. எலும்புக்கூடு என்று பார்த்தால், துணியின் ஓரத்தில் தைத்த குழலுக்குள் ஓடும் இரண்டு எஃகு வளையங்கள். கழியும் கிடையாது, இணைக்கும் மூட்டும் கிடையாது. காருக்குள் முன்கண்ணாடியில் வைக்கும் வட்ட வெயில் மறைப்பும், தானாக விரியும் குழந்தைக் கொசுவலையும் இதே வம்சம்தான். பிரான்ஸின் டெகத்லான் 2005-இல் ‘2 செகண்ட்ஸ்’ என்ற பெயரில் தூக்கி வீசினால் விரியும் கூடாரத்தை விற்க ஆரம்பித்ததும் இந்த வித்தை உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அவர்களே கயிற்றை இழுத்தால் மடியும் இன்னொரு ரகத்தையும் கொண்டுவந்தார்கள். மடிப்பதுதான் பாடு என்று எல்லா ஊரிலும் சொல்லியிருப்பார்கள் போல.

மறுநாள் மாலை டீ டைமுக்கு அதை அப்படியே பைக்கின் பின்னால் கட்டிக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் நாள் முழுக்க மடிப்பதே வேலை. டி-ஷர்ட்டுக்கு நடுவில் அட்டை வைத்து, கையை உள்ளே தள்ளி, பாலிபேக்கில் நுழைப்பதற்கு அங்குள்ள அக்காக்களுக்கு மூச்சு விடும் நேரம் போதும். அவர்களுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். இரண்டு பேர் பிடித்தார்கள், மூன்றாவது ஆள் மேலே உட்கார்ந்தார். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. கடைசியில் ஓர் அக்காவின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டு மறுபடியும் முழுசாக நின்றது. கையால் நீவினால் படிகிற பொருளையே ஆயுசு முழுக்க மடித்தவர்களிடம் நீவினால் சீறுகிற பொருளைக் கொடுத்தது என் தப்பு.

அந்தப் பக்கமாக வந்த கட்டிங் மாஸ்டர்தான் நின்று பார்த்தார். “ஏனுங்க, இது நம்ம பேண்ட் நைஃப் பிளேடுதானுங்க. அதுக்கும் மூணு சுத்து, இதுக்கும் மூணு சுத்து. துணியைய மறந்துபோட்டுக் கம்பியைய மட்டும் பாருங்க” என்றார்.

பனியன் கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டும்போது, கழுத்து வளைவு மாதிரி நுணுக்கமான இடங்களுக்குப் பேண்ட் நைஃப் மிஷின் வேண்டும். மர அறுவை மில்லில் ஓடுமே பட்டை ரம்பம், அதன் தம்பி. பல் இல்லாத, மெல்லிய, முனையோடு முனை பற்றவைத்த ஒரே எஃகு வளையம் சக்கரங்களைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். கையில் இரும்பு வலைக் கிளவுஸ் போடாமல் யாரும் அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது. புதுப் பிளேடு ஆள் உயரத்துக்கு மேல் நீளமான வளையம், ஆனால் பெட்டிக்குள் சுருண்டு வரும். கழற்றிய பிளேடையும் அப்படியே சுருட்டித்தான் ஆணியில் மாட்டுவார்கள். அதைத் தினமும் செய்கிறவருக்கு என் கூடாரம் துணி போர்த்திய பிளேடாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஏன் மூன்று? இரண்டு போதாதா? ஒரு ரப்பர் பேண்டையோ, வளையமாக ஒட்டிய எலாஸ்டிக் பட்டையையோ எடுத்து இரண்டு சுற்றாக்கி மேஜையில் படுக்கவைத்துப் பாருங்கள். பட்டையில் ஒரு முழு முறுக்கு தேங்கி நிற்கும். மெல்லிய ரப்பர் அதைப் பொறுத்துக்கொள்ளும், எஃகு பொறுக்காது, திமிறி எழும். மூன்று சுற்றாக்கும்போது கம்பி தன்னைத் தானே இரண்டு இடத்தில் தாண்டிப் போகிறது. ஒரு தாண்டல் ஏற்றிய முறுக்கை மற்றது இறக்கிவிடுகிறது, கணக்கு நேராகிறது, வளையம் அடங்கிப் படுக்கிறது. நான் முதல் ராத்திரி முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியது இரண்டு சுற்றோடு. இந்த ஜென்மத்தில் அது படிந்திருக்காது.

இதிலேயே இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. என் கூடாரத்தின் ஒவ்வொரு வளையமும் சுமார் 4.2 மீட்டர். மூன்றாகச் சுருண்டால் ஒரு சுற்று 1.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் விட்டம். எவ்வளவு அமுக்கினாலும் அதற்குக் கீழே போகாது. உறை பையின் அகலம் 46 சென்டிமீட்டர். மடித்தது பைக்குள் போகவில்லை என்றால் பை சிறிதாகிவிட்டது என்று அர்த்தமில்லை, சுற்று சரியாக விழவில்லை என்றுதான் அர்த்தம். வாங்கப் போகிறவர்கள் விரித்த அளவைப் பார்த்து மயங்காமல் மடித்த வட்டத்தின் அளவைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரின் முன்பக்கக் கால் வைக்கும் இடத்தில் 45 சென்டிமீட்டர் வட்டு நிற்கும், ஆனால் காலுக்கு இடமிருக்காது.

மாஸ்டர் காட்டிய வழி இது. முதலில் ஜிப்பையும் ஜன்னலையும் திறந்துவிட வேண்டும். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் கூடாரம் தலையணையாக உப்பும். பிறகு பக்கங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்து, தோசையை மடிப்பது போல் தட்டையாக்கி, கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே ஓரமாகச் சேர்க்க வேண்டும். இந்தப் படியில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். இரண்டு கம்பியும் ஒரே கம்பி மாதிரி கைக்குள் வந்தாக வேண்டும், ஒன்று விலகியிருந்தாலும் பின்னால் பழிவாங்கும். இப்போது அதைச் செங்குத்தாகத் தரையில் நிறுத்தி, கீழ் ஓரத்தைப் பாதத்தால் லேசாக மிதித்துக்கொண்டு, மேல் ஓரத்தைப் பிடித்து உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தரையை நோக்கி வளைக்க வேண்டும். வளைய வளைய இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி இரண்டு வளையங்கள் பிதுங்கி வரும். பயந்து விட்டுவிடாதீர்கள், அவை வரவேண்டும். கையில் பிடித்த முனை தரையைத் தொடும்போது, ஒரு காதை மற்றதன் அடியில் செருகினால், கம்பி தானே வழி கண்டுபிடித்து மூன்று வட்டமாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். அமுக்கவே வேண்டாம். அந்த இடத்தில் பலம் தேவைப்பட்டால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது, பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் சுருக்கு வழி.

மாஸ்டருக்கு முதல் தடவையிலேயே ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. எனக்கு ஏழாவது தடவையில் வசப்பட்டது. இப்போது இருபது நொடி ஆகிறது. மனைவிக்குப் பதினைந்து. பெட்டிக்குள் இருந்த தாளில் இதற்கு ஐந்து படம் போட்டிருக்கிறான். மூன்றாவது படத்துக்கும் நான்காவது படத்துக்கும் நடுவே இந்தக் காது விவகாரம் முழுவதையும் விழுங்கிவிட்டான்.

மடிக்கும்போது குழந்தை பக்கத்தில் இருக்கவே கூடாது. கை நழுவினால் கம்பி முகத்தின் உயரத்துக்கு எகிறும்.

சரி, வெயிலைத் தடுக்கிறதா? தடுக்கிறது. லேபிளில் யுபிஎஃப் 50+ என்றிருக்கிறது. துணி எவ்வளவு புற ஊதாக் கதிரை உள்ளே விடும் என்பதற்கான அளவு அது. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். 1996-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து இதற்கு முதன்முதலாக விதிமுறை வகுத்தன. எந்த விதிமுறைப்படி சோதித்தது என்ற எண் என் கூடாரத்தின் லேபிளில் இல்லை. பையருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பியே பிழைக்கிறவன் கண்ணில் அது படாமல் போகுமா? எனவே 50 என்பதைத் தயாரித்தவரின் வாக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் வெள்ளிப் பூச்சுத் துணியை வெயிலுக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் விரல் நிழல் தெரியவில்லை. சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் யுபிஎஃப் சுமார் 5தான், நனைந்தால் இன்னும் குறையும். பருத்திப் பின்னலாடையால் பிழைக்கும் ஊர்க்காரனாக இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

வெயில் வேறு, சூடு வேறு. விற்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை. சித்திரை மாதத்தில் பதினொரு மணிக்குக் கதவையும் ஜன்னலையும் மூடி வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டால், அயர்ன் டேபிள் பக்கம் போனது மாதிரி இருந்தது. நிழல் இருந்தும் காற்றில்லை. 2023-இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் குழந்தைத் தள்ளுவண்டியின் மேல் துணி போட்டுச் சோதித்தார்கள். உலர்ந்த மஸ்லின் துணி மூடிய வண்டிக்குள் வெளியைவிட 2.6 டிகிரி கூடியது. ஈரத் துணியும் சின்ன விசிறியும் சேர்ந்தபோது ஏறக்குறைய 5 டிகிரி குறைந்தது. நம் பாட்டிகள் ஜன்னலில் நனைத்த கோணியைத் தொங்கவிட்ட கணக்குத்தான். நானும் ஜன்னல் வலை மேல் ஈரத் துண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், வித்தியாசம் கைக்கே தெரிகிறது. ஆனால் பத்தரைக்கு மேல் மாடியில் இந்தக் கூடாரத்துக்குள் குழந்தையை வைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலுக்கே காட்ட வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. கூடாரம் இருக்கிறதே என்று அதை மீற வேண்டியதில்லை. தூங்கவிட்டுப் போகும் தொட்டிலும் இல்லை இது. ஆள் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு வரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்றுக்குத்தான் பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். ஒரு கிலோக் கூடாரம் அதற்குப் பட்டம். நான்கு மூலையிலும் மணல் நிரப்பப் பை தைத்திருக்கிறான், முளை அடிக்க வளையமும் உண்டு. கான்கிரீட் மாடியில் முளை எங்கே அடிப்பது? இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கை அந்தப் பைகளில் நிற்கவைக்கிறோம். ஆடி பிறந்ததும் மாடியில் கூடாரம் விரிப்பதையே நிறுத்திவிட்டோம்.

எடுத்து வைப்பதில் கவனிக்க வேண்டியது ஈரம். திருச்செந்தூரிலிருந்து திரும்பிய அன்று அலுப்பில் அப்படியே மடித்து வைத்தேன். நாலு நாள் கழித்துப் பிரித்தபோது உள்ளே பூஞ்சை வாடை. வெள்ளிப் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கையில் காசளவு உரிந்தது. உப்பு வேறு. கம்பியின் இரு முனையும் சேரும் இடத்தில் சின்ன உலோகக் குழாய் இருக்கும், துருப் பிடித்தால் முதலில் அங்கேதான் பிடிக்கும். நல்ல தண்ணீரில் துடைத்து, நிழலில் முழுக்கக் காயவைத்து, பிறகே மடிக்க வேண்டும். வாஷிங் மெஷினில் போடும் யோசனையே வேண்டாம். சுருட்டி வைத்தே இருந்தால் கம்பி வளைந்துவிடுமா என்று கேட்கிறார்கள். எஃகுக் கம்பிக்கு அந்தப் பயமில்லை, வளைந்தாலும் நிமிர்வதற்கென்றே பதப்படுத்திய கம்பி அது. மலிவு ரகங்களில் ஃபைபர் கம்பி வருகிறது, அதை மாதக்கணக்கில் சுருட்டி வைக்க நான் துணிய மாட்டேன்.

தையலைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊர் என்னை விடாது. கம்பி ஓடும் குழலுக்கு இஞ்சுக்கு ஆறு தையல்தான் போட்டிருக்கிறான், நூலும் இளைத்த நூல். குழல் திரும்பும் மூலையில், பிரியாமல் இருக்க நெருக்கிப் போடும் பார்டேக் தையல் இல்லை. இரண்டாம் மாதம் அந்த மூலையில் கம்பி எட்டிப் பார்த்தது. தெரிந்த யூனிட்டில் நான்கு மூலைக்கும் பார்டேக் அடித்து வாங்கினேன், அதோடு நின்றது. வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது.

லைன் வீட்டில் 45 சென்டிமீட்டர் வட்டுக்கு அட்டத்தில் இடமில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில், பேண்ட் நைஃப் பிளேடு மாதிரியே தொங்குகிறது. மடித்ததைப் பிடித்து வைக்கும் எலாஸ்டிக் மூன்றாம் மாதம் தளர்ந்துவிட்டது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவுக்குப் பின்னால் தானாகவே விரிந்து வீட்டையே எழுப்பியது. இப்போது ஜட்டி இடுப்புக்குப் போடும் ஒன்றரை இஞ்சு எலாஸ்டிக்கில் ஒரு முழம் வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்துப் போட்டிருக்கிறேன். பிடித்திருக்கிறது.