கேட்டுப் பழகிய காது

மலையடிவாரக் காரவள்ளியில் நின்றால், 70 கொண்டை ஊசி வளைவுகளை நோக்கிக் கொல்லிமலை ஏறத் தொடங்கும் வண்டிகளின் ஓசை கேட்கும். கியர் மாற்றும் நேரத்தைப் பழகிய ஓட்டுநருக்கு என்ஜினே சொல்லிவிடும். வீட்டுக் கொல்லையில் சொந்தக் கையால் கணினி சொல்படி உலோகத்தைச் சீவும் சிறு சிஎன்சி மில்லிங் எந்திரம் கட்டுகிறவரின் காதும் அப்படிப்பட்டதுதான். கட்டர் அலுமினியத்தைச் சீராகச் சீவினால் வண்டின் ரீங்காரம். ஒரு போல்ட் தளர்ந்தாலோ கரகரப்பு. திரையைப் பார்க்குமுன்பே அவர் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடும்.

இந்த எந்திரத்தை நகர்த்தும் சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கிறது. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்குரூவில் ஓர் அடி என்பது 0.025 மில்லிமீட்டர், தலைமயிரைவிட மெல்லியது. அந்த நுட்பத்தைக் காப்பது பொறுமைதான். டயல் கேஜ் முள் ஆடாமல் நிற்கும்வரை ஸ்பிண்டிலை நிமிர்த்த வேண்டும். மெல்லிய தாளைச் செருகி, கட்டர் நுனி அதைத் தொடும் கணத்தை விரலால் உணர வேண்டும். வேலை முடிந்ததும் பளபளக்கும் பிசிறுகளைத் தூரிகையால் கூட்டி, தண்டவாளங்களைத் துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். அப்படிப் பேணிய எந்திரம் மறுநாளும் கோடு பிசகாமல் வெட்டும்.