எழுவாய் இல்லாத பாடம்

தமிழில் கருத்தடை பற்றிப் பேசும் வாக்கியங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றில் பலவற்றுக்கு எழுவாய் இல்லை. இருப்பவற்றிலும் அது 'தம்பதியர்', 'குடும்பம்', 'நாடு' என்றுதான் இருக்கிறது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி 'நான்' என்று தொடங்கிப் பேசக்கூடிய வாக்கியம் அங்கே இல்லை. இலக்கணம் கற்பிப்பவளாக நான் கவனித்த இந்தக் குறை, உடல்மீதான உரிமை சார்ந்த குறையும்கூட.

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் 'இனப்பெருக்க நலன்' என்றொரு பாடம் உண்டு. ஆணுறை, கருப்பையகச் சாதனங்கள், ஹார்மோன் மாத்திரைகள், அறுவைமுறைகள் எல்லாம் அதில் வகைபிரித்து விளக்கப்படுகின்றன. தகவல் பஞ்சம் இல்லை. ஆனால் அந்தப் பாடத்தில் கருத்தடை என்பது மக்கள்தொகைப் பெருக்கத்துக்கான விடை. ஆணுறை வேண்டாமென்று அவன் சொன்னால் அவள் என்ன செய்வது, மணமாகாத பெண் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. அதையும் உயிரியல் எடுத்தவர்கள் மட்டுமே படிக்கிறார்கள். வணிகவியல், கலைப் பிரிவு மாணவிகளுக்கு அந்தப் பக்கங்கள் எட்டுவதே இல்லை.

அடுத்த வகுப்பறையில் தமிழாசிரியர் களவொழுக்கம் நடத்துகிறார். திருமணத்துக்கு முந்தைய கூடலை, பகற்குறியை, இரவுக்குறியை நம் பண்பாட்டின் பெருமையாக விளக்குகிறோம். தலைவியின் வளை நெகிழ்கிறது, பசலை படர்கிறது. கருவுறுதல் மட்டும் களவின் பேசுபொருளாவதில்லை. அது கற்புக்குரியது. தொல்காப்பியத்தின் கற்பியல், பூப்புக்குப் பின்வரும் பன்னிரண்டு நாள் தலைவன் பிரிந்திருக்கலாகாது என்கிறது. ஆக, நாள் கணக்கு நம் மரபுக்குத் தெரியாததல்ல. அந்தக் கணக்கு பிள்ளைப்பேற்றுக்காக, தலைவனின் கடமையாகச் சொல்லப்பட்டது. தன் நாளைத் தானே எண்ணும் தலைவியை நாம் கற்பிப்பதில்லை.

வீட்டு மொழியும் இப்படித்தான். மாதவிடாய் 'தூரம்' ஆகிறது, 'வீட்டுக்கு விலக்கு' ஆகிறது. 'நாள் தள்ளிப்போச்சு' என்பது மணமானவள் சொன்னால் நற்செய்தி, மாணவி சொன்னால் பேரிடி. நம் அம்மாக்களிடம் கருத்தடை பற்றிக் கேட்டால், "ரெண்டாவது பிரசவத்தோடயே ஆபரேஷன் பண்ணிட்டாங்க" என்பார்கள். பண்ணியவர்கள் யாரோ, அவளுக்கு நிகழ்ந்தது அது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லில் கட்டுப்படுவது யாரென்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் தமிழில் இந்தப் பேச்சு தொடங்கியபோது எழுவாய் இருந்தது. நூலாக வந்த 'பெண் ஏன் அடிமையானாள்?' தொகுப்பில் பெரியார் கர்ப்பத்தடைக்குத் தனி இயலே கொடுத்தார். பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் அதை ஆதரித்தவர்களிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, பெண்ணின் விடுதலைக்காக அதைக் கேட்டார். பாரதிதாசன் அதைக் கவிதைப் பொருளாக்கினார். 1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு சொல் கைமாறியது. சிவப்பு முக்கோணம் சுவர்களில் ஏறியது. விடுதலை இறங்கி, எண்ணிக்கை ஏறிக்கொண்டது. நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாய அறுவைகள் அதன் கொடிய எல்லை. நம் பாடநூல் பெரியாரின் வாரிசாக இல்லை, அந்தச் சுவர் விளம்பரத்தின் வாரிசாக இருக்கிறது.

பள்ளியில் இதைப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற வாதத்துக்கு அரசியல் பலம் அதிகம். 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, திருமணத்துக்கு முன் உறவு கூடாது என்பதையே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று பரிந்துரைத்தது. பாலியல் கல்வி உறவை முன்கூட்டித் தொடங்கவைப்பதில்லை என்று, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018இல் சொன்னது. நம் விவாதங்களில் அது நுழையவே இல்லை.

பள்ளியை முடித்து என் வகுப்புக்கு வரும் முதலாண்டு மாணவிகளிடம், பெயர் எழுதாமல் தாளில் கேள்வி கேட்கச் சொல்வதுண்டு. மாத்திரை போட்டால் பிறகு குழந்தையே பிறக்காதா? கடைசி நேரத்தில் விலகிக்கொண்டால் போதாதா? முதல் முறையிலேயே கரு தங்குமா? பதில்கள் எளியவை. முதல் முறையிலும் தங்கும். விலகிக்கொள்வதை நம்ப முடியாது. அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக எடுக்க வேண்டும். அது தங்கிவிட்ட கருவைக் கலைக்காது, பின்னால் பிள்ளைப்பேற்றைத் தடுக்கவும் செய்யாது. மாத்திரைகள் பால்வினை நோயைத் தடுக்காது. ஆணுறை இரண்டுக்கும் உதவும். 2005 முதல் அவசர மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. ஆனாலும் நம் ஊர் மருந்துக்கடைகள் பலவற்றில் கேட்டுப் பாருங்கள், 'இல்லை' என்ற பதிலும் ஒரு பார்வையும் கிடைக்கும்.

சட்டம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 'கணவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'இணையர்' என்றது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அதற்கு அஞ்சிப் பெண்பிள்ளைகள் மருத்துவமனைக்கு வராமல் போலி வைத்தியத்தை நாடுகிறார்கள் என்பதைக் கணக்கில் கொண்டு, சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு எந்த மாணவிக்காக எழுதப்பட்டதோ, அவளிடம் இதைச் சொல்லும் பாடம் எது?

ஆகவே பாடநூல் குழுக்களிடம் கேட்க வேண்டியவை சில. கருத்தடையை மக்கள்தொகைத் தலைப்பிலிருந்து பிரித்தெடுங்கள். எல்லாப் பிரிவு மாணவர்களும் படிக்கும் இடத்தில், பத்தாம் வகுப்புக்குள் வையுங்கள். படிப்பை இடையில் விட்டு மணமுடிக்கப்படுபவர்கள் பன்னிரண்டாம் வகுப்பைப் பார்ப்பதேயில்லை. சம்மதம், மறுப்பு ஆகிய சொற்களை ஆண்பிள்ளைகளுக்கும் அதே பக்கத்தில் கற்பியுங்கள். தமிழாசிரியர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'வேண்டாம்', 'இப்போது வேண்டாம்', 'ஆணுறை இல்லாமல் முடியாது' என்பவை நல்ல தமிழ் வாக்கியங்கள். தன்மை ஒருமையில் அவற்றைச் சொல்லும் பழக்கம் வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம்.