பயன் கழன்ற சாலை

நார்வேயில் லேர்டாலிலிருந்து அவுர்லாண்டுக்கு இரண்டு வழிகள். ஒன்று மலைக்குள்: 24.5 கிலோமீட்டர் சுரங்கம், 2000-இல் திறந்தது. மற்றது மலைமேல்: 1306 மீட்டர்வரை ஏறி இறங்கும் பழைய சாலை, குளிர்காலத்தில் பனி மூடிவிடும். சுரங்கம் வந்தபின் மேல்சாலை பெரும்பாலும் பார்ப்பதற்கென்றே இருக்கிறது.

பயன் கழன்றதும் ஒரு பொருள் கலையாகிவிடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தச் சாலை நல்ல சாட்சி. ஜூன் மாதத்தில் அதில் போனேன். ஓரத்தில் அழுக்கேறிய பனிச்சுவர், மரமற்ற பாறைவெளி. எதுவும் என்னை அழைக்கவில்லை. அதனாலேயே பார்க்க முடிந்தது.

ஆனால் இறக்கத்தில் ஸ்டேகஸ்டைன் வருகிறது. மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீளும் மரமேடை. டாட் ஸாண்டர்ஸ், டாமி வில்ஹெல்ம்ஸன் என்ற கட்டிடக் கலைஞர்கள் 2006-இல் முடித்தது. முனையில் தளம் கீழ்நோக்கி மடிந்துவிடுகிறது. ஒரு கண்ணாடி மட்டும். 650 மீட்டர் கீழே கடல்நீர். கண்ணுக்கு முன்பே காலுக்குப் பயம் தட்டுகிறது. இந்தச் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. இருந்தும் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது சிலிர்ப்பது எல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டன. பார்ப்பவனுக்கு வேலை மிச்சமில்லை.

சுரங்கம் வேறு சமாச்சாரம். ஓட்டுகிறவன் சலித்துத் தூங்கிவிடாதிருக்க, மூன்று இடங்களில் குகைபோல் அகலப்படுத்தி, நீல ஒளியும் அடியில் மஞ்சளும் வைத்திருக்கிறார்கள். பாறைக்குள் ஒரு விடியல். அழகுக்கு வைத்ததல்ல, உயிருக்கு வைத்தது. அதனால்தான் அது அழகாகவும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அவுர்லாண்டைத் தாண்டி உண்ட்ரெடால் என்ற சின்னக் கிராமம். சாலை வந்ததே 1988-இல், அதுவரை படகுதான். ஆடு வளர்க்கிறார்கள், அதன் பாலில் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். சுமார் 40 பேர் உட்காரக்கூடிய மரத் தேவாலயம், 12-ஆம் நூற்றாண்டினது. அதன் சிறுமை உத்தியல்ல; சின்ன ஊருக்குப் போதுமான அளவு, அவ்வளவே. யாரையும் ஓரிடத்தில் நிறுத்திக் காட்ட அது முயலவில்லை.

கவிதைக்குப் பயன் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சுரங்கத்துக்குத் தூக்கம் எதிரி. தேவாலயத்துக்கு இடமும் ஆளும் குறைவு. அப்படி ஒரு நெருக்கடி கவிதைக்கும் தேவை. அது இல்லாதபோது நாம் மேடைதான் கட்டுகிறோம். வாசகனை முனைவரை கூட்டிப்போய், அவன் பார்க்கவேண்டியதையும் நாமே பார்த்துவிடுகிறோம்.