பன்னிரண்டு பேர் இருந்த சபை: குமரி இணைப்புக் கதையில் விடுபடும் பாதி

நவம்பர் 1 வந்தா நாகர்கோவில்ல பெரும்பாலும் ஒரே மாதிரி பேச்சுதான். மார்ஷல் நேசமணி சிலைக்கு மாலை, தியாகிகளுக்கு வீரவணக்கம், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூடு, அங்கிருந்து ஒரே தாவு, 1956 இணைப்பு. அன்றைக்கு வரும் சிறப்புக் கட்டுரைகளும் இந்த வரிசையை விட்டு நகர்வதில்லை. சொல்லுறதுல பொய் எதுவும் இல்ல. ஆனா பாதிதான் சொல்லுறாங்க. திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபை என்று ஒன்று இருந்ததே இந்தக் கதையில் வராது.

இன்னொரு சின்னக் குறை. மேடையில் மாவட்டம் முழுவதையும் 'நாஞ்சில் நாடு' ஆக்கிவிடுகிறார்கள். நாஞ்சில் நாடுன்னா தோவாளை, அகஸ்தீஸ்வரம் ரெண்டுதான். துப்பாக்கிச்சூடு நடந்த இடங்கள் விளவங்கோடு தாலுகாவில். அதை இப்போதைக்கு விடுவோம்.

சபைக் கணக்குக்கு வருகிறேன். 1952 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சியில் மொத்தம் 108 இடங்கள். காங்கிரஸுக்கு 44. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 8. பெரும்பான்மைக்கு 55 வேணும். ஏ.ஜே. ஜான் முதலமைச்சர் ஆனதில் இந்த எட்டுப் பேரின் ஆதரவும் சேர்த்தி. அவர்கள் ஆதரவை விலக்கியதும் 1953-ல் அந்த அமைச்சரவை சபையில் தோற்றது, சபை கலைக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் தென்கோடி நான்கு தாலுகாக்களை நம்பி நின்ற கட்சி, அந்த மாநிலத்தையே மறுபடி தேர்தலுக்கு அனுப்பியது. இதை ஒரு நவம்பர் 1 மேடையிலும் நான் கேட்டதில்லை.

1954 தேர்தல் முடிவு இன்னும் விசித்திரம். 117 இடங்களில் காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, ஆர்.எஸ்.பி. 9, சுயேச்சைகள் 9. முதலமைச்சர் ஆனது யார்? 19 பேர் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை! கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்று காங்கிரஸ் வெளியிலிருந்து அவருக்கு ஆதரவு கொடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கூட்டிப் பாருங்க. 45-ம் 19-ம் 64. பெரும்பான்மைக்கு 59 போதும். அதாவது பட்டத்துக்கு நம்ம பன்னிரண்டு பேர் தேவையே இல்லை. முந்தைய ஆட்சி அந்தக் கட்சியின் எட்டுப் பேரைப் பார்த்துப் பயந்த ஆட்சி. இந்த ஆட்சிக்கு அந்தப் பயம் கிடையாது. துப்பாக்கிச்சூடு நடந்தது இந்த ஆட்சியில்தான். கணக்குதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பட்டத்தின் பிடிவாதம் தனிக்கதை. ஆனால் தெற்குத் தமிழர்களின் ஓட்டு இல்லாமலே நிற்கக்கூடிய அரசு அது என்பதை விட்டுவிட்டு அந்த ஆகஸ்டைப் பேசுவது பாதிப் பேச்சு.

அதன் அதிர்ச்சி டெல்லி வரைக்கும் போனது. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, சொந்தக் கட்சியின் முதலமைச்சரையே பதவி விலகச் சொன்னார். அவர் விலகவில்லை. அந்தச் சண்டையும் சேர்ந்துதான் கடைசியில் கட்சியை உடைத்தது. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவை இழுத்துக்கொள்ள, பட்டம் சபையில் தோற்றார். அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் ஆட்சிக்கு மறுபடியும் தமிழ்நாடு காங்கிரஸின் தயவு வேண்டியிருந்தது. 45-ம் 12-ம் 57. அதுவும் நூலிழை. சொந்தக் கட்சியில் ஆறு பேர் விலக, 1956 மார்ச்சில் அதுவும் போய்ச் சேர்ந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

இதுவரைக்கும் நான் சொன்னதை வைத்து 'அப்போ சட்டசபைதான் குமரியை வாங்கித் தந்தது' என்று முடித்தால் அதுவும் தப்பு. அமைச்சரவையைக் கவிழ்க்க 12 பேர் போதும். எல்லையை நகர்த்தப் போதாது. அரசியலமைப்பின் 3-வது பிரிவின்படி மாநில எல்லையை மாற்றுவது நாடாளுமன்றம். மாநில சட்டசபையின் கருத்தைக் கேட்கணும், சம்மதம் வாங்கணும்னு இல்லை. பசல் அலி தலைமையிலான மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் கொடுத்த அறிக்கையில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கையும் தமிழ் பேசுவோர் பெரும்பான்மை என்பதால் சென்னைக்குக் கொடுத்தது. அதே பெரும்பான்மை இருந்த தேவிகுளத்தைக் கொடுக்கவில்லை. அங்கே தோட்டத் தொழிலாளர்கள் வந்து போகிறவர்கள் என்றும், மலைப்பகுதி கேரளத்தின் பொருளாதாரத்துக்கு வேண்டும் என்றும் வாதம் வந்தது. பேரம் பேசும் சபை பலம் அங்கே எடுபடவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 1956 ஆகஸ்டில் நாடாளுமன்றம் மறுசீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, திருவிதாங்கூர்-கொச்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே கிடையாது. வீட்டைப் பிரிக்கிற நேரத்தில் தெற்கு வீட்டுக்காரனுக்குப் பேச முற்றம் இல்லை. அதுவரை இரண்டு அமைச்சரவைகள் கவிழ்ந்ததில் பங்கிருந்த ஆட்கள், போகும்போது எதை எதை எழுதி வாங்கணுமோ அதை எழுதி வாங்க அங்கே இல்லை.

யாருக்கு எழுதிக் கிடைத்தது என்று பார்த்தால் விளங்கும். அரசியலமைப்பில் 290அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து மாற்றப்பட்ட பகுதிகளில் உள்ள கோயில்களுக்காகத் தமிழ்நாடு ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்கணும். கேரளம் தன் பங்குக்கு 46.5 லட்சம். தொகையோடு அரசியலமைப்பிலேயே அச்சாகி இருக்கு! காரணம், 1949-ல் கொச்சியோடு சேரும்போது மகாராஜா கையெழுத்திட்ட உடன்படிக்கையிலேயே கோயில் பணத்துக்கு உறுதி வாங்கியிருந்தார். அந்த வாக்கு 1956-லும் கூடவே நடந்து வந்தது. (இன்றைக்கு 13.5 லட்சம் எந்த மூலைக்கு என்பது வேறு விஷயம்.)

நெய்யாறு இடதுகரை சானலுக்கு அப்படி ஒரு வரி இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில் தொடங்கிய திட்டம் அது. சானல் பாறசாலை வழியா விளவங்கோடு தாலுகாவுக்குள் வரும்; சுமார் 9,200 ஏக்கர் பாசனம். அணை கேரளத்தில், வாலடி இங்கே. ஒரே மாநிலமாக இருந்தபோது இது சாதாரண சானல். கோடு போட்டதும் மாநிலங்களுக்கிடையிலான விவகாரம். 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது.

'சரி, சென்னையில நமக்கு ஆள் இல்லியா'ன்னு கேட்கலாம். இருக்கு. 2008 தொகுதி மறுவரையறையில் திருவட்டாறு காணாமல் போய், ஏழு ஆறாகியது. 234-ல் ஆறு. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 18.7 லட்சம் பேர், மாநிலத்தின் 7.21 கோடியில் சுமார் 2.6 சதவீதம், ஆறு இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எண்ணிக்கையில் அநியாயம் இல்லை. ஆனால் 117-ல் பன்னிரண்டு என்பது பத்து சதவீதம், அதுவும் ஒரே கட்சி, ஒரே கொறடா. இணைப்பு முடிந்ததும் அந்தக் கட்சி தன்னைக் கலைத்துக் காங்கிரஸோடு சேர்ந்துகொண்டது; வந்த வேலை முடிந்ததென்று நினைத்தார்கள். 2021-ல் ஆறு தொகுதியும் நான்கு கட்சிகளுக்குப் பிரிந்தன: காங்கிரஸ் 3, தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க. தலா 1. மாவட்டத்தின் சுபாவம் அது. 1967-ல் தமிழ்நாடு முழுக்கக் காங்கிரஸ் மண்ணைக் கவ்வி மூன்றே மூன்று எம்.பி. தொகுதிகளில் ஜெயித்தது, அதில் ஒன்று நாகர்கோவில், ஜெயித்தவர் நேசமணி.

2006-லிருந்து 2011 வரை தமிழ்நாட்டிலும் ஒரு மைனாரிட்டி அரசு இருந்தது. தி.மு.க.வுக்கு 234-ல் 96 பேர்தான். ஜான் காலத்துக் கணக்கு மாதிரியே. ஆதரவு கொடுத்த கட்சிகளில் குமரிக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கொறடா உத்தரவு நாகர்கோவிலிலிருந்து வரவில்லை. அந்த ஐந்து வருஷத்திலும் நெய்யாறு சானலில் தண்ணி வரவில்லை.