‘கர்நாடகம்’ எழுதிய கல்கி

பொன்மலையில் நின்று பார்த்தால் தொலைவில் மலைக்கோட்டை தெரியும். அம்மலைக்கோட்டை நகரின் தேசியப் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர், 1921ஆம் ஆண்டில் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு, இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் படிப்பை உதறி வெளியேறினார். ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் அம்மாணவரே பின்னாளில் ‘கல்கி’ ஆனார். பொன்னியின் செல்வனை அத்தாவுக்குத் தெரியாமல் அடுப்படியில் வைத்துப் படித்த பெண்மக்கள் நம் இல்லங்களிலும் உண்டு. ஆயினும் அவர் ஒரு கலை விமர்சகர் என்பதை அறிந்தோர் இன்று சிலரே. என் கணிப்பில், அவர் எழுத்தில் துணிவு மிகுந்த பகுதி அதுதான்.

அவர் வாழ்வு ஒரே தடத்தில் ஓடவில்லை. 1922இல் சிறை, 1923இல் திரு.வி.க.வின் நவசக்தியில் துணையாசிரியர். பிறகு இராஜாஜியின் திருச்செங்கோடு ஆசிரமத்தில் மதுவிலக்குப் பிரசாரத்துக்கான ‘விமோசனம்’ இதழ்ப் பணி. 1931 முதல் ஆனந்த விகடன். 1941இல் மீண்டும் சிறை. அவ்வாண்டிலேயே டி. சதாசிவத்துடன் சேர்ந்து சொந்த இதழ் தொடங்கினார்.

விகடனில் ‘ஆடல் பாடல்’ என்ற பகுதியை அவர் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதினார். பழமைப் பித்தரைக் கேலியாகக் குறிக்கும் சொல்லும் அதுவே. அக்கேலியைத் தாமே சூட்டிக்கொண்டு பிறரைச் சிரிக்க வைத்தார். சென்னைச் சபாக்களின் கச்சேரியையும் நாட்டியத்தையும், அவற்றின் வாயிலையே மிதித்திராத வாசகருக்கு எடுத்துச் சொன்ன பணி அது. திருச்சிக்கு வானொலி நிலையம் வந்ததே 1939இல்தான். அதற்கு முன் வெளியூரில் இருந்தவனுக்குக் கிராமபோன் தட்டு ஒரு செவி என்றால், கர்நாடகத்தின் பேனா மற்றொரு செவி. இராக இலக்கணத்தை அடுக்கி மிரட்டாமல், பாடியது நன்றாக இருந்ததா, இல்லையெனில் ஏன் இல்லை என்று நடைமுறைத் தமிழில் சொன்னார். பெரிய வித்துவான் என்பதற்காகப் பேனாவை மடக்கவில்லை.

அரபு மொழியில் விமர்சனத்தை ‘நக்து’ என்பர். நாணயத்தைச் சோதித்து நல்லதையும் போலியையும் பிரிப்பதற்கும் அதே சொல்தான். காசு தன்னுடையதா பிறருடையதா என்று பாராமல் உரசிப் பார்ப்பவனே நாணயச் சோதகன். கல்கியை இவ்வளவையில் நிறுத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது.

கல்கி இதழுக்கான முதல் தேட, சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி 1941இல் வெளிவந்த ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். 1945இல் எம்.எஸ். நடித்த ‘மீரா’வுக்குக் கல்கி பாடல்களும் இயற்றினார். அத்தகையவர் அந்த அம்மையாரின் இசையைப் பற்றி எழுதியதை எப்படிக் கொள்வது? உறவும் நலனும் கலந்த சாட்சியை நீதிபதி தயங்கியே ஏற்பார். எம்.எஸ்ஸின் குரலுக்கு எவர் சாட்சியமும் தேவையில்லை என்பது உண்மை; ஆயினும் விமர்சகர் என்ற நிலையில் கல்கியின் கை அங்கே கட்டுண்டது. ‘தியாக பூமி’யும் அப்படியே. கே. சுப்பிரமணியம் இயக்கிய அப்படத்தின் கதை, படக்காட்சிகளுடன் விகடனில் தொடராக வந்தது. ஒரே கை சமைத்து, பரிமாறி, ருசியும் சொன்னது போலாயிற்று. 1939இல் வெளியான அப்படத்தை ஆங்கில அரசு தடை செய்தது வேறு கதை.

எனினும் அவரை முற்றும் தள்ளிவிட மனம் வரவில்லை. தமிழிசைக்காக அவர் வாதாடியபோது இசை உலகின் பெரும்புள்ளிகள் பலர் எதிரணியில் இருந்தனர். அதில் அவருக்கு ஆதாயமில்லை, பகைதான் மிஞ்சியது. பாரதியார் செய்தியோ இன்னும் வியப்பானது. 1930களில், பாரதி தேசிய கவியே அன்றி மகாகவி அல்லர் என்ற கட்சியில் நின்று வ.ரா. முதலியோருடன் மோதியவர் கல்கி. அவரே பின்னர் முன்னின்று நிதி திரட்டி எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பச் செய்தார். 1947இல் அது திறக்கப்பட்டது. தம் பழைய தீர்ப்பைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு திருத்திய விமர்சகரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1954 டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். ஸ்ரீரங்கத்தில் குடியேறிய நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவின் வாசிப்பைக் கேட்டுக் ‘கர்நாடகம்’ என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்தக் கொடுப்பினை நமக்கு இல்லை.

அவர் குறையைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று வாசகர் கேட்கலாம். நண்பர் ஒருவரின் கவிதை நூலுக்கு ஒருமுறை மதிப்புரை எழுதினேன். தளை தட்டிய வெண்பாக்கள் பல கண்ணில் பட்டன; நட்புக்காகச் சொல்லாமல் விட்டேன். இரண்டாம் பதிப்பு வந்தது. தளை தட்டிய இடங்கள் அப்படியே இருந்தன. பின்னட்டையில் என் பாராட்டு கொட்டை எழுத்தில் இருந்தது.